சால்வைக்கு வந்த மாப்பிள்ளைகள்

ஓசூரில் பஸ் மாறியதிலிருந்து சுசித்ரா தன் தோள்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. மேலே வைக்கச் சொன்ன கண்டக்டருக்கும் தலையாட்டி மறுத்துவிட்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நகையா கண்ணு?" என்று காதோடு கேட்டார்.

"இல்லீங்க. ஆல்கஹால்" என்றாள் சுசித்ரா.

அந்த அம்மாள் ராயக்கோட்டை வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டு வந்தார்.

அவள் சொன்னது பொய்யில்லை. பையின் பக்கவாட்டு அறையில் பஞ்சு சுற்றிய ஒரு சின்னக் கண்ணாடிச் சீசா இருந்தது. அதற்குள் இருந்தது வேதியியல் கணக்குப்படி ஓர் ஆல்கஹால்தான். பெயர் பாம்பிகால். குடிக்க உதவாது, மனித மூக்குக்கு வாசனையும் தெரியாது. ஆனால் பட்டுப்பூச்சி இனத்தில் பெண் பூச்சி தனக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று காற்றில் விடுகிற அழைப்பு அதுதான். பெண் பூச்சி சும்மா உட்கார்ந்தபடியே வயிற்று நுனியில் தயாரித்துவிடுகிற அந்தச் சமாச்சாரத்தை, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கரிம வேதியியல் ஆராய்ச்சி செய்யும் சுசித்ரா, பாதி தலைமுடியைப் பறிகொடுத்துச் செய்து முடித்திருந்தாள்.

அப்படி என்ன கஷ்டம் என்று யாராவது கேட்டால் அவள் கால்களை வைத்தே விளக்குவாள். அந்த மூலக்கூறு, பதினாறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கிற ஒரு சங்கிலி. அதில் இரண்டு இடத்தில் இரட்டைப் பிணைப்பு. அந்த இடங்களில் சங்கிலி முறுக்காது, திரும்பாது, எப்படி உட்கார்ந்ததோ அப்படியேதான் இருக்கும். முதல் இடத்தில் காலை நீட்டியிருக்க வேண்டும், இரண்டாவது இடத்தில் மடக்கியிருக்க வேண்டும். இரண்டையும் நீட்டினால் ஆண் பூச்சி மதிக்காது. இரண்டையும் மடக்கினாலும் மதிக்காது. காலை மாற்றி மடக்கினாலும் போச்சு.

சங்கிலியை இரண்டு துண்டாகச் செய்துகொண்டு பல்லேடியம் என்கிற உலோகத்தை வைத்து ஒட்டவைப்பது நாடறிந்த வழி. பல்லேடியம் நல்ல கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்துவிட்டுத் தான் கழன்றுகொண்டு அடுத்த ஜோடியைப் பார்க்கப் போய்விடும். காலை மடக்குவதில்தான் சுசித்ரா புது வழி பிடித்திருந்தாள். நீட்டின காலோடு இருக்கும் துண்டை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சுற்றிலும் நீல விளக்குகளை எரியவிட்டால், வெளிச்சத்தின் தெம்பிலேயே அது காலை மடக்கிக்கொள்ளும். அவளுடைய நீல விளக்குப் பெட்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "கோயில் திருவிழா எப்ப?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வழி சரிதான். அவளுடைய ஆராய்ச்சிக் கைடுதான் நம்பவில்லை. கருவி போட்டுக் கொடுத்த வரைபடத்தை மூக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு, "கோடு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கே. இதுல மடக்கின கால் எத்தனை, நீட்டின கால் எத்தனைன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

"ஆண் பூச்சியக் கேட்டா சொல்லிடும் சார்" என்றாள் சுசித்ரா, கோபத்தில்.

"அப்ப கேட்டுட்டு வா" என்றார் அவர்.

கேட்க அவளுக்கு இடம் இருந்தது. பாலக்கோட்டுக்கு வெளியே அவளுடைய தாய்மாமா குப்புராஜ் ஒரு வித்தகம் நடத்துகிறார். பட்டுக்கூட்டிலிருந்து பூச்சிகளை வெளிவரவிட்டு, ஆணையும் பெண்ணையும் சேர்த்து, முட்டை எடுத்து விற்கிற இடம் அது. மாமாவுக்கும் ஒரு குறை இருந்தது. ஒரு தடவை ஜோடி சேர்த்த ஆண் பூச்சியை பிரிட்ஜில் வைத்திருந்து மறுபடி உபயோகிப்பது அந்தத் தொழிலில் வழக்கம். "பிரிட்ஜுல இருந்து எடுத்தா அத்தனையும் கறிச்சோறு தின்ன மாப்பிள்ள மாதிரி சாஞ்சிக்குது கண்ணு. எழுப்பறதுக்கு ஏதாவது சென்ட் கின்ட் இருந்தா கொண்டா" என்று போனில் புலம்பியிருந்தார். காகிதத்தில் ஒரு சொட்டுத் தடவிப் பூச்சிகளிடம் காட்டுவது, அவை எழுந்து வருவதை வீடியோ எடுப்பது, சாயங்காலம் பஸ் ஏறுவது. அவள் திட்டம் அவ்வளவுதான்.

பாலக்கோட்டில் இறங்கும்போது மாமாவிடமிருந்து போன் வந்தது.

"கண்ணு, ஒரு உபகாரம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல காஜா பாய் கடை இருக்குது. ஒரு நல்ல சால்வையா வாங்கிட்டு வா. இன்னிக்கு நவநீதன் வராரு."

"யாருங்க மாமா அவரு?"

"பென்னாகரத்துப் பக்கம் பெரிய இளம்புழு மையம் வெச்சிருக்கறாரு. முட்டையப் பொரிக்க வெச்சு, குட்டிப் புழுவா விவசாயிங்களுக்குக் குடுக்கறவரு. அவரு நம்மகிட்ட முட்டை எடுத்துக்கிட்டாருன்னா நாம பொழச்சோம். ஆனா மனுசன் சிரிச்சு நான் பாத்ததில்ல."

காஜா பாய் கடையில் பச்சையில் ஜரிகை போட்ட, மெத்தை மாதிரி கனமான சால்வை ஒன்று கிடைத்தது. பையில் இருந்த துணிமணிகளோடு அது அடங்க மறுத்தது. சுசித்ரா பையைக் கடை மேடைமேல் வைத்து, முழங்கையால் அமுக்கி, மேலே கிட்டத்தட்ட ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்து மூடினாள். லேசாக ஏதோ 'டிக்' என்றது. ஜிப்பின் சத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

வித்தகத்தின் வாசலில் மாமா இஸ்திரி போட்ட வேட்டியில் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தார். அவள் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்குள் பையைப் பிடுங்கிச் சால்வையை உருவிக்கொண்டார். அதே நேரம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

நவநீதன் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் ஒரே ஒரு பேனா. முகத்தில் பல்வலிக்காரனின் பொறுமை.

"வாங்க, வாங்க! உங்க கால் நம்ம எடத்துல பட்டதே பெருசுங்க" என்று மாமா சால்வையை விரித்துப் போர்த்தினார். கூடவே ஒரு போட்டோவும் எடுக்கப்பட்டது.

"பூச்சியக் காட்டுங்க" என்றார் நவநீதன்.

இருவரும் உள்ளே போனார்கள். சுசித்ரா தன் பையை அலுவலக அறை மேசையில் வைத்து, பக்கவாட்டு அறையைத் திறந்து, பஞ்சைப் பிரித்தாள். சீசா இருந்தது. மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பஞ்சு காய்ந்து கிடந்தது. கரைக்க ஊற்றியிருந்த ஹெக்சேன், வெயிலில் ஆவியாகிப் போயிருந்தது. அப்படியானால் பாம்பிகால்?

பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். சீசா இருந்த அறையை ஒட்டி, அதன்மேல் அமுங்கி இருந்தது என்ன என்று யோசித்தாள். சால்வை. அழுகை வந்தது. அத்தனை மாத உழைப்பும் ஒரு பச்சைச் சால்வை குடித்துவிட்டது. அதை எப்படியாவது கேட்டு வாங்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோய், ஊறவைத்துப் பிழிந்து மீட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டாள். அப்புறம்தான், அந்தச் சால்வை இப்போது எந்த அறைக்குள் போயிருக்கிறது என்பது மண்டையில் உறைத்தது. காலில் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

பூச்சிக்கூடம் நீளமானது. சுவரோரம் முழுக்க அடுக்குத் தட்டுகள். அன்று காலை கூட்டை விட்டு வெளிவந்த ஆண் பூச்சிகள் தட்டுத் தட்டாக இருந்தன. முகத்தில் துணி கட்டிய பெண்கள் ஐந்தாறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பட்டுப்பூச்சி பறக்காது. மனிதன் வளர்த்து வளர்த்து அது பறப்பதையே மறந்துவிட்டது. சிறகைப் படபடக்கும், நடக்கும், அவ்வளவுதான். ஆனால் நடக்கத் தீர்மானித்துவிட்டால் எத்தனை வேகமாக நடக்கும் என்பதைச் சுசித்ரா அன்றுதான் பார்த்தாள்.

நவநீதன் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். அவரைச் சுற்றி இருந்த எல்லாத் தட்டுகளிலும் ஒரே நேரத்தில் மழை பிடித்தது போன்ற சத்தம். அத்தனை சிறகும் அடித்துக்கொண்டிருந்தன. தட்டு விளிம்புகளைத் தாண்டிப் பூச்சிகள் பொலபொலவென்று தரையில் விழுந்தன. விழுந்தவை எழுந்து, நேராக அவரைப் பார்த்து நடந்தன. முதல் அணி ஏற்கெனவே வேட்டியில் ஏறி, இடுப்பைக் கடந்து, சால்வை நுனியைப் பிடித்துவிட்டது. அங்கே போனதும் ஒவ்வொன்றும் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஆடியது. சில பூச்சிகள் வயிற்றை வளைத்து ஜரிகையோடு குடும்பம் நடத்தவே ஆரம்பித்துவிட்டன.

"என்னங்க இது?" என்றார் நவநீதன், உதடு மட்டும் அசைய.

மாமா குனிந்து இரண்டு பூச்சிகளைக் கையால் தள்ளிப் பார்த்தார். "உ... உங்களப் பாத்த சந்தோசமுங்க" என்றார்.

அங்கே தலைமை வேலைக்காரி ஹசீனா. தட்டோடு கையை உயர்த்திக்கொண்டு, "அல்லாவே! குப்புராஜண்ணா, நான் பன்னண்டு வருசமா இங்க இருக்கறேன், என்கிட்ட ஒண்ணுகூட இப்புடி வந்ததில்லீங்களே!" என்றாள்.

சுசித்ராவின் நெஞ்சு இரண்டாகப் பிரிந்து வேலை செய்தது. ஒரு பாதி, மாமாவின் வியாபாரம் போச்சு என்று பதறியது. மறு பாதி, கால் சரியாக மடங்கியிருக்கிறது, கால் சரியாக மடங்கியிருக்கிறது என்று குதித்தது. அந்த மறு பாதிதான் செல்போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டது.

"கண்ணு! படமா புடிக்கற? ஏதாவது பண்ணு!" என்று மாமா கத்தினார்.

அவள் பூச்சிகளை மிதிக்காமல் நொண்டி விளையாட்டு மாதிரி தாவித் தாவி நவநீதனிடம் போனாள். பூச்சிகள் இப்போது அவர் தோளில் இருந்தன. காதோரம் ஒன்று, மீசையில் ஒன்று, பேனாவின் மூடியில் இரண்டு சண்டையில். புதிதாக வெளிவந்த பூச்சிகள் விடுகிற பழுப்பு நீர் வெள்ளைச் சட்டையில் புள்ளிபுள்ளியாக இறங்கியிருந்தது.

"சார், மன்னிச்சுக்குங்க. தப்பு என்னுது. அது... உங்களுக்காக வரலீங்க. சால்வையில ஒரு மருந்து கொட்டிடுச்சு. பொண்ணுப் பூச்சியோட வாசனை. நான் செஞ்சது. ஆண் பூச்சிங்க உங்கள..."

"என்னைய?"

"பொண்ணுன்னு நெனச்சுக்குதுங்க."

மாமா கண்களை மூடிக்கொண்டார். நவநீதன் தன் மார்பில் ஆடிக்கொண்டிருந்த பூச்சிகளைக் குனிந்து பார்த்தார். விரலை நீட்டினார். ஒன்று ஏறிக்கொண்டு, விரல் நுனியில் நின்று சிறகடித்தது.

"முப்பது வருசமா பட்டுப்புழுத் தொழில்ல இருக்கறேன். புழு என்னையப் பாத்தா தின்னறத நிறுத்திப்புடும். எங்க வூட்டு நாய்கூட நான் உள்ள வந்தா எந்திரிச்சுப் போயிடும்" என்றார். அப்புறம், யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் முகத்தில் எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகி, பல் தெரிந்தது. "இருக்கட்டுமுங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"கழட்டிருங்க சார், வெளிய கொண்டுபோயிடறேன்..."

"போத்துன சால்வையக் கழட்டறது மரியாதையில்லீங்க" என்று அவர் சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மாமா அவளை ஓரமாக இழுத்தார். "அவரு சிரிக்கறாரு, சரி. பொண்ணுப் பூச்சிங்க எல்லாம் அடுத்த கூடத்துல காத்துக்கிட்டு இருக்குது. காலையிலயே சேத்தாத்தான் முட்டை. மாப்பிள்ளைங்க பூராவும் இந்தாளு மேல ஏறிக்கிச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

சுசித்ரா தரையைப் பார்த்தாள். இங்கே பெண் பூச்சிகளைக் கொண்டுவந்தால் பயனில்லை. கூடமே வாசனையில் மூழ்கியிருக்கிறது, பக்கத்தில் இருக்கிற உண்மையான பெண்ணை எந்தப் பூச்சியும் கண்டுபிடிக்காது. ஆனால் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனால்?

"மாமா, இங்க எழுப்பி அங்க சேத்துடலாம்" என்றாள். "பிரிட்ஜுல இருக்கறதையும் எடுங்க."

அப்படித்தான் அந்த ஊர்வலம் தொடங்கியது. நவநீதனை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அவர் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டார். பெண்கள் அவர்மேல் இருந்த பூச்சிகளைப் பூப்பறிப்பது போல் பறித்துத் தட்டில் போட்டு அடுத்த கூடத்துக்கு ஓடினார்கள். அங்கே தட்டை இறக்கியதும், தலைகால் தெரியாமல் கிளம்பியிருந்த ஆண் பூச்சிகள் கைக்கெட்டிய பெண்ணோடு சேர்ந்துகொண்டன. பிரிட்ஜிலிருந்து வந்த சோம்பேறிகள் செத்தது போல் கிடந்தன. உடம்பு கொஞ்சம் சூடேறியதும் அந்தத் தட்டுகளை நவநீதனின் தோளருகே காட்டினார்கள். ஒவ்வொன்றாக உணர்கொம்பு நிமிர்ந்தது. அப்புறம் தட்டு முழுக்கப் படபடப்பு.

"சாமிக்குத் தட்டுக் காட்டற மாதிரி ஆச்சு" என்றாள் ஹசீனா, மூச்சிரைக்க. "அண்ணா, எடது கைய ஒசத்துங்க, அக்குளுக்குள்ள ஏழெட்டு போயிடுச்சு."

நவநீதன் உயர்த்தினார். கூச்சத்தில் 'கிக்கி' என்று ஒரு சத்தம் போட்டார். அவருடைய டிரைவர் கதவுக்கு வெளியே நின்று இதைக் கேட்டுவிட்டு, முதலாளிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டுக்குப் போன் செய்தான்.

வேலை முடிந்தபோது பெண் பூச்சிகளில் தனியாக நின்றது என்று எதுவும் இல்லை. நவநீதன் எழுந்து, சட்டையில் இருந்த கறைகளைப் பதக்கம் மாதிரி பார்த்துக்கொண்டார். மாமாவிடம், "முட்டை இனிமே இங்கதான்" என்றார். காரில் ஏறும்போது சால்வையைச் சுசித்ரா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "குடுத்தத திருப்பிக் கேக்கறாங்களா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவளுடைய மொத்தப் பாம்பிகாலும் பென்னாகரம் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

அவள் வீடியோவை கைடுக்கு அனுப்பினாள். போன் உடனே வந்தது.

"இது என்ன, மாறுவேஷப் போட்டியா?"

"ஆண் பூச்சி சொல்லிடுச்சு சார். கூடமே ஓட்டுப் போட்டிருக்கு."

அவர் இரண்டாம் முறை பார்க்கிறார் என்பது சிறகுச் சத்தத்தில் தெரிந்தது. "சரி, மடங்கியிருக்கு. ஒத்துக்கறேன்" என்றார். சுசித்ரா துள்ளுவதற்குள், "ஆனா கன்ட்ரோல் எங்க?" என்றார்.

"சார்?"

"மருந்தில்லாத சால்வை. அதே ஆளு. அதே கூடம். பூச்சிங்களுக்குப் பச்சைக் கலர் புடிச்சிருந்தா? அந்த ஆளையே புடிச்சிருந்தா? கன்ட்ரோல் இல்லாம எந்தப் பத்திரிகையும் போடாது."

அடுத்த முறை பூச்சிகள் வெளிவரும் நாளைக் கேட்டுக்கொண்டு சுசித்ரா மறுபடி வந்தாள். காஜா பாய் அதே தறியில் நெய்த அதே பச்சைச் சால்வையை எடுத்துக் கொடுத்தார். நவநீதனை எப்படிக் கூப்பிடுவது என்று மாமாவுக்கு ஒரே யோசனை. ஆனால் விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே நவநீதன் புறப்பட்டுவிட்டார்.

புதுச் சட்டை, மழமழவென்று சவரம் செய்த முகம். பவுடர் போட்டிருந்தார், சுசித்ரா ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். சால்வையைப் போர்த்தி, கூடத்தின் நடுவில் அதே ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அவர் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டார். ஹசீனா தட்டுகளின் மூடியை எடுத்தாள். சுசித்ரா வீடியோவை ஓடவிட்டாள்.

ஆண் பூச்சிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்று தலையைத் திருப்பி, மறுபடி வைத்துக்கொண்டது.

"கொஞ்சம் நேரமாகுமுங்களா?" என்று கேட்டார் நவநீதன்.

"இல்லீங்க சார். வரக்கூடாது. வரலைன்னாத்தான் என் வேலை சரி."

"ஓ" என்றார் அவர். ஆனாலும் கைகளை இறக்கவில்லை. கூடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூட இல்லை. பூச்சிக்கு ஆகாது என்று நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் அவர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வேறு பந்தியில் உட்கார்ந்துவிட்ட கல்யாண வீட்டில், தனி இலை முன்னால் இருக்கிற ஆள் மாதிரி இருந்தது அவர் முகம். சுசித்ரா ஆராய்ச்சிக்கு வந்ததிலிருந்து எத்தனையோ கன்ட்ரோல் செய்திருக்கிறாள். ஒரு கன்ட்ரோல் கெட்டுப்போகட்டும் என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

"போதுங்க சார், முடிஞ்சுது" என்று அவள் சொல்லப்போன நேரம், "உஸ்!" என்றார் நவநீதன்.

கீழ்த்தட்டிலிருந்து தவறி விழுந்த ஒரு பூச்சி தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்துவிட்டு, அவர் செருப்பின்மேல் ஏறியது. பெருவிரலைத் தாண்டி வேட்டிக் கரைக்கு வந்தது.

"ஒண்ணு வந்துருச்சுங்க!" என்றார் அவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"அதுக்கு ஒரு றெக்கை சுருண்டிருக்குதுங்க, வழி தெரியாம..." என்று தொடங்கிய மாமாவின் காலை ஹசீனா மிதித்தாள்.

"வந்தது வந்ததுதான? எழுதிக்குங்கம்மா" என்றார் நவநீதன்.

சுசித்ரா எழுதிக்கொண்டாள். மருந்து போட்ட சால்வை: எண்ண முடியவில்லை. போடாத சால்வை: ஒன்று. அந்த ஒன்று எப்படி வந்தது என்று கைடு கேட்டால் என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, நவநீதன் பூச்சியைக் கையில் ஏந்திக்கொண்டு ஹசீனாவோடு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார். அங்கே இருந்த பெண் பூச்சிகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, இது ரொம்பக் குண்டு, இது சரியாக முகம் கொடுக்கவில்லை என்று தள்ளிக்கொண்டே போனார். ஹசீனா பொறுமையாக அடுத்த தட்டை எடுத்தாள்.